வடக்குக் குகையில் நீலப் பாசி

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, முகப்பேரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த என் மனைவி, "ஏங்க, கடிச்சிட்ச்சிங்க" என்றாள். நான் எதிர்ச் சுவரோரம் பழைய கணினியின் முன்னால் இருந்தேன். நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அவள் சொன்னதும் நான் முதலில் செய்த காரியம் அதை நோட்டில் குறித்ததுதான். அதற்காக அப்போதே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடித்தது ஓநாய். கணினிக்குள் இருக்கிற ஓநாய்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இந்த விளையாட்டுகள் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனி மூடிய ஒரு காட்டின் கரையில் நம்மை வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். கல் பொறுக்கி, கொடியால் கட்டையோடு கட்டிக் கோடரி செய்ய வேண்டும். கோடரியால் மரம் வெட்டிக் குடிசை போட வேண்டும். மான் தோல், தேன், பிசின், இரும்புக் கல் என்று ஒவ்வொன்றையும் தேடிச் சேர்த்தால்தான் அடுத்த பொருளைச் செய்ய முடியும். உலகத்தின் பல பக்கங்களிலிருந்து பலர் ஒரே காட்டில் ஒரே சமயத்தில் இருப்பார்கள். நாங்கள் சேர்ந்திருந்த காட்டில் ஒருவருக்கு ஓர் உயிர்தான். செத்தால் குடிசை, உடுப்பு, பழகிய வேலைகள் எல்லாம் போய்விடும். மறுபடியும் கரையில் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

நான் அப்படி மூன்று தடவை நின்றிருக்கிறேன். என் மனைவி ஒரு தடவைகூட நின்றதில்லை. அவள் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கோடை விடுமுறையில் பொழுது போகாமல் ஆரம்பித்தவள், அதன் பிறகு ஆறு மாதம், தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம், சனி ஞாயிறில் இன்னும் கொஞ்சம் என்று அந்த ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். பனியில் விறைக்காத மான்தோல் அங்கியைத் தைக்க எங்கள் குழுவில் முதலில் கற்றுக்கொண்டவள் அவள்தான். பத்துத் தோலை வீணாக்கிய பிறகே அது கை வந்தது. அவளுடைய வாழ்க்கையில் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் அவளே முழுக்கச் செய்து முடித்த காரியங்கள் அந்தக் காட்டில்தான் அதிகம் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

என் பங்கு நோட்டு எழுதுவது. எனக்கு இருபது வருடமாக இந்தப் பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்து ஏரிகள் எந்தத் தேதியில் நிரம்பின, எந்தத் தெருவுக்கு எப்போது சாலை போட்டார்கள், திருமுல்லைவாயிலில் எந்தப் பழைய வீடு எப்போது அடுக்குமாடியானது என்றெல்லாம் எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை. கச்சா நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுவேன். நானே கண்ணால் பார்த்ததற்கு நிறைத்த புள்ளி. பிறர் சொல்லிக் கேட்டதற்கு வெற்று வட்டம். அந்தக் காட்டுக்கும் அப்படி ஒரு நோட்டு போட்டேன். பிசின் எந்தச் சரிவில், தேன்கூடு எந்த மரத்தில், இரும்புக் கல் எடுத்த இடத்தில் மறுபடி எப்போது வருகிறது என்று பக்கம் பக்கமாக.

எல்லாவற்றிலும் அரிதானது நீலப் பாசி. குகைச் சுவரில்தான் பிடிக்கும். ஓநாய் கடித்தால் புண்ணில் விஷம் ஏறும். இரண்டு மணி நேரத்தில் நீலப் பாசியும் தேனும் போட்ட கொதிநீரைக் குடிக்காவிட்டால் ஆள் காலி. கணினியை அணைத்துவிட்டுப் போனாலும் விஷம் நிற்காது. பாசியைப் பச்சையாகவும் போட முடியாது. அடுப்பின் மேல் அரை மணி நேரம் காய வேண்டும்.

ஆவணியில் அந்த நோட்டைச் சுத்தப் பிரதி எடுத்தேன். அழகான கையெழுத்தில், வரைபடத்தோடு. பக்கங்களைப் படம் பிடித்து, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருந்து விளையாடுகிற பதினோரு பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். புள்ளியும் வட்டமும் பக்கத்தை அசிங்கப்படுத்துவதுபோல் இருந்ததால் சுத்தப் பிரதியில் அவற்றை விட்டுவிட்டேன். குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவர் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பிரதியில் நீலப் பாசிக்கு இருந்தவை இரண்டே வரிகள். "தெற்குக் குகைகள் மூன்று: பாசி உண்டு. வடக்குக் குகைகள்: பாசி இல்லை."

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். ஓநாய் கடித்ததும் எங்கள் குடிசைப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். தேன் இருந்தது. பாசி இல்லை. முந்தைய வாரம் குழுவில் ஒருவருக்குக் கடிபட்டு, இருந்ததைக் கொடுத்திருந்தோம். தெற்குக் குகைகள் எங்கள் குடிசையிலிருந்து தூரம். ஆனால் அவற்றின் பக்கத்திலேயே குடிசை போட்டிருந்தார் எங்கள் நண்பர் ஒருவர். காட்டுப்பாக்கத்துக்காரர், கம்பெனி பேருந்து ஓட்டுநர். காலையில் ஆட்களை அம்பத்தூர் எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, ஷிஃப்ட் முடியும் வரை பேருந்தை ஓரமாக நிறுத்தி, பின் சீட்டில் காலை நீட்டிக் கைபேசியில் விளையாடுவார். அவரை அழைத்தேன். ஒலிபெருக்கியில் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"யக்கா, நீ அப்படியே குந்திக்கினு இரு. நான் பத்து நிமிசத்துல வழிச்சிகினு வரேன். இன்னிக்கு அரை நாள் ஷிஃப்டு, பன்னெண்டரைக்கு வண்டி எடுக்கணும். அதுக்குள்ள உன்ன எழுப்பி நிக்க வச்சிட்டுத்தான் போவேன்."

பதினொன்று இருபத்தைந்துக்கு முதல் குகையிலிருந்து பேசினார். "அண்ணாத்தே, இன்னா இது, சொவத்த தொடச்சி வுட்ட மாரி கீது."

பதினொன்று நாற்பத்தைந்துக்கு இரண்டாவது குகை. அதுவும் அப்படித்தான். யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வேற யாரு, நம்ம ஆளுங்கதான். உங்க நோட்டு வந்த நாள்லேந்து எல்லாரும் அத பாத்துகினு இங்கதான வராங்க. நானே ரெண்டு வாட்டி வழிச்சேன்."

மூன்றாவது குகை ஆற்றுக்கு அக்கரையில். போய் எடுத்துக்கொண்டு எங்களிடம் வர ஒன்றரை ஆகிவிடும். ஒன்று பத்துக்கு என் மனைவி செத்துவிடுவாள். திரையின் மூலையில் அவளுடைய உயிர்க்கோடு குறைந்துகொண்டே வருவதை இரண்டு பேரும் பார்த்தோம். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வடக்குல?" என்றாள்.

"அங்க இல்ல."

"பாத்தீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"எழுதினது தெரியும். பாத்தீங்களான்னு கேட்டேன்."

கச்சா நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஆடி மாதத்து வரி. "வடக்குக் குகைகளில் பாசி இல்லை." பக்கத்தில் வெற்று வட்டம். அதற்கும் பக்கத்தில், யார் சொன்னது என்ற இடத்தில், பேருந்து நண்பரின் பெயர். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நான் பார்க்காவிட்டாலும் பார்த்த ஒருவர் இருக்கிறார். இணைப்பில்தான் இருந்தார். கேட்டேன்.

"நீ வடக்கால போய்ப் பாத்தப்ப எத்தனை குகை பாத்த? எல்லாத்துலயும் இல்லையா?"

"நான் எங்க போனேன் அண்ணாத்தே? நீங்கதான சொன்னீங்க."

"நானா?"

"ஆமா. அது காத்து அடிக்கிற பக்கம், சொவரு காஞ்சி கெடக்கும், பாசி புடிக்காதுன்னு. இம்மாம் புக்கு படிச்ச ஆளு சொன்னா கரீட்டாதான் இருக்கும்னு, பொறவு நீங்க கேக்கச்சொல்ல அதையே திருப்பிச் சொன்னேன்."

அப்போதுதான் நினைவு வந்தது. ஆனியிலோ ஆடி முதல் வாரத்திலோ, எங்கள் குடிசை வாசலில் தீ மூட்டிக்கொண்டிருந்தபோது நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பாசிகளைப் பற்றிப் படித்த ஒரு புத்தகத்தை வைத்து ஓர் ஊகம். பேச்சோடு பேச்சாகச் சொன்னது. பிறர் நம்மிடம் சொல்வதைக் குறித்து வைக்கிறோம். நாம் பிறரிடம் சொல்வதைக் குறித்து வைப்பதில்லை. என் ஊகம் நண்பரிடம் போய், சில வாரம் கழித்து அவர் வாயால் செய்தியாகத் திரும்பி வந்து, என் நோட்டில் வட்டமாகி, சுத்தப் பிரதியில் வட்டமும் போய் உண்மையாகிவிட்டது. பதினோரு பேரில் ஒருவர்கூட நான்கு மாதமாக வடக்கே போகவில்லை. எல்லோரும் தெற்கே போய்ச் சுவரை வழித்தார்கள்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திட்டு எதிர்பார்த்தேன். "சரி, ஓடுங்க. நான் மொள்ள பின்னாடி வரேன், பாதி வழியில பாத்துக்கலாம்" என்றாள்.

பன்னிரண்டுக்குக் கிளம்பினேன். வடக்குக் குகைகளுக்கு ஓட்டமாகப் போனால் இருபத்தைந்து நிமிடம். அவள் தேனையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டரைக்கு நண்பர் வண்டி எடுக்க வேண்டியிருந்தது. "யக்கா, செத்துடாத" என்று சொல்லிவிட்டு இணைப்பை வைத்தார்.

முதல் குகைக்குள் பந்தத்தோடு நுழைந்தேன். சுவர் நீலமாக இருந்தது. தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை. ஒரு முழம் விட்டு ஒரு முழம் பட்டை பட்டையாக யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள், மிச்சத்தை அப்படியே விட்டிருந்தார்கள். நான் கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு முப்பத்திரண்டு. இது காய அரை மணி நேரம். திரும்ப ஓட ஒரு கால் மணி நேரம். பிறகு தண்ணீர் கொதிக்க வேண்டும். போதாது.

பின்னால் நாண் இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். குகை வாசலில் ஒருவர் அம்பு தொடுத்து நின்றார். வடக்கே யாரோ தனியாக வசிக்கிறார், யாரோடும் பேசுவதில்லை என்று குழுவில் பேச்சு உண்டு. பெயருக்குப் பதில் வெறும் எண்கள். எந்த நாட்டுக்காரர், எந்த மொழி, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. அடுத்தவர் குகையில் கத்தியும் கையுமாக நிற்கிறவனை எய்வது அந்தக் காட்டில் தவறே இல்லை. நான் கத்தியைக் கீழே போட்டேன். கோடரியையும் போட்டேன். தெரிந்த ஆங்கிலத்தில், ஓநாய் கடி, என் மனைவி, முப்பது நிமிடம் என்று தட்டினேன். அவசரத்தில் மனைவி என்ற சொல்லையே இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

அவர் அம்பை இறக்காமல் நின்றார். பிறகு வில்லைத் தாழ்த்திவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்து என் காலடியில் நான்கு பிடி பாசியைப் போட்டார். காய்ந்த பாசி; அவர் குடிசை பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரும் பந்தத்தோடு பக்கத்திலேயே ஓடி வந்தார். எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. வழியில் இரண்டு இடத்தில் ஓநாய்கள் நின்றன. பந்தத்தைப் பார்த்து ஒதுங்கின.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு என் மனைவியை எட்டினோம். ஒரு பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் அவளால் நகர முடியவில்லை. காற்றில் தீ இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை, அந்த மனிதர் காற்று வரும் பக்கம் போய் நின்று மறைத்துக்கொண்டார். தண்ணீர் கொதித்தது. ஒன்று ஆறுக்கு அவள் குடித்தாள். கோடு நின்றது. கொஞ்சம் கழித்து ஏற ஆரம்பித்தது. மேசையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நான் நன்றி தட்டினேன். அவள் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருளான மான்தோல் அங்கியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கையை ஒரு தடவை அசைத்துவிட்டு வந்த வழியே போனார்.

இரண்டரைக்குப் பேருந்து நண்பர் பேசினார், பூந்தமல்லியில் கடைசி ஆளை இறக்கிவிட்டு. "யக்கா கீறியா?" என்றார். "கீறேம்பா, கீறேன். சாப்டியா நீ?" என்றாள்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அன்று சாயங்காலம் சுத்தப் பிரதியைத் திருத்த உட்கார்ந்தேன். தவறு என்னுடையது, பதினோரு பேர் என்னை நம்புகிறார்கள், அன்றே சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய வரியை அடித்துவிட்டு, "வடக்குக் குகை: நீலப் பாசி நிறைய உண்டு" என்று எழுதி, முதல் முறையாகச் சுத்தப் பிரதியிலும் நிறைத்த புள்ளியைப் போட்டேன். வழியையும் வரைந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நானே பார்த்தது, நேரத்தோடு.

டீ கொண்டுவந்து வைத்த என் மனைவி தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"இது யாருக்கு?"

"குழுவுக்கு. தப்பா எழுதினது என் மேலதான..."

"என் உசுர காப்பாத்துன ஆளு ஊட்டுக்கு நீங்க வழி போட்டுக் குடுக்கறீங்க."

பதிவு என்றால் சரியாக இருக்க வேண்டாமா என்று வாதாடினேன். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இல்லன்னு எழுதினது தப்பு, அத அடிங்க. வேணாங்கல. கீதுன்னு எழுதச் சொல்லி உங்கள யார் கேட்டா? பத்து பேரு போவான். ஒரே வாரம். தெக்கால ஆன மாரி ஆவும். அப்பறம் அந்தாளுக்குக் கடிச்சா அவரு எங்க போவாரு?"

பேனாவை மூடி வைத்தேன். தெற்குச் சுவர்களைத் துடைத்து வைத்ததும் என் கையெழுத்துதான். தவறான வரி அவளைக் கிட்டத்தட்ட கொன்றது. சரியான வரி அந்த மனிதரைக் கொல்லலாம். இருபது வருடமாக எழுதுகிறவனுக்கு இந்த எண்ணம் அதுவரை ஒரு தடவையும் வந்ததில்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்து வேறு எழுதினேன். குழுவுக்கு அனுப்பியது இவ்வளவுதான்: "வடக்குக் குகைகள் பற்றி நான் எழுதியிருந்தது பார்த்து எழுதியதல்ல. என் ஊகம். அந்த வரியை எடுத்துவிடுங்கள். நம்பியவர்கள் மன்னிக்கவும்." கேலி வந்தது. அப்படியானால் அங்கே இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை என்று பதில் போட்டேன். கோபித்துக்கொண்டு ஒருவர் குழுவை விட்டே போனார். அவர் வடக்கே போனாரா என்று எனக்குத் தெரியாது. பேருந்து நண்பரிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நான் பாதியில வண்டி எடுக்கப் பூட்டேன், எனக்கு ஒண்ணியும் தெரியாது" என்று அவராகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்திலிருந்து என் ஏரி நோட்டுகளையும் தெரு நோட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, சுத்தப் பிரதிகளில் நான் விட்டுவிட்ட புள்ளிகளையும் வட்டங்களையும் திரும்பப் போட்டு வருகிறேன். வட்டங்கள் நான் நினைத்ததைவிட அதிகமாக இருக்கின்றன. சிலவற்றில் சொன்னவர் யார் என்று தேடிக்கொண்டே போனால் நான்தான் நிற்கிறேன்.

என் மனைவி இன்னும் உயிரோடு இருக்கிறாள். மாதம் ஒரு தடவை வடக்குக் குகை வாசலில் ஒரு சட்டி தேனை வைத்துவிட்டு வருகிறாள். அடுத்த முறை போகும்போது சட்டி காலியாக இருக்கும். அங்கியைத் தொடாதவர் தேனை எடுத்துக்கொள்கிறார். காட்டு நோட்டில் "வடக்குக் குகைகள்" என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது. அதன் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த நோட்டு முழுவதிலும் எனக்கு மிக நன்றாகத் தெரிந்த இடம் அந்த எழுதாத இரண்டு வரிதான்.